பார்படோஸ் சொன்னால் உலக வங்கி கேட்குமா?

பட்டர்வொர்த்தில் ஆறாம் படிவம் படிக்கும் மாணவி ஒருவரின் கேள்வி இது: “ஐயா, எங்கள் பள்ளிச் சொற்போரில் ‘அனைத்துலக மேம்பாட்டு உதவி முறையைச் சிறிய நாடுகளால் மாற்ற முடியும்’ என்பது தலைப்பு. நான் ஒட்டிப் பேச வேண்டும். பார்படோஸ் நாட்டை உதாரணமாகச் சொல்லும்படி ஆசிரியர் சொன்னார். தேடிப் படித்தேன், ஆனால் எனக்கே நம்பிக்கை வரவில்லை. மூன்று லட்சம் பேர்கூட இல்லாத நாடு சீர்திருத்தத்தை ஆதரித்தால் என்ன, ஆதரிக்காவிட்டால் என்ன? அதோடு, மலேசியாவில் இருக்கும் நமக்கு இது எதற்கு?”

சந்தேகம் நியாயமானதுதான். ஐநா மேடையில் சின்ன நாடுகள் “சீர்திருத்தத்தை வரவேற்கிறோம், முழு மனதோடு ஆதரிக்கிறோம்” என்று ஆற்றும் உரைகளை வரிசையாகப் படித்தால் பாதியிலேயே கண் சொக்கும். நாட்டின் பெயரை மாற்றிப் போட்டாலும் யாரும் கண்டுபிடிக்க மாட்டார்கள். வெளிநாட்டு அதிகாரிகளுக்கான குறுகிய காலப் பயிற்சிகளில் பல வருடம் அரசாங்க நிதி பற்றி வகுப்பெடுத்தவன் நான். அந்த உரைகளைப் படிப்பது என் பிழைப்பில் ஒரு பகுதியாக இருந்தது. அதனால் சொல்கிறேன், உரைகளை ஓரமாக வையுங்கள். அந்த நாடு கையெழுத்துப் போட்ட ஒப்பந்தத்தில் என்ன நிபந்தனை எழுதியிருக்கிறது என்று பாருங்கள். பார்படோஸ் தன் சொந்தக் கடன் பத்திரத்தில் எழுதிக்கொண்ட ஒரு நிபந்தனை, நான்கே வருடத்தில் உலக வங்கியின் கடன் ஒப்பந்தத்துக்குள்ளும் வந்துவிட்டது. உங்கள் வாதத்தை அங்கே ஊன்றுங்கள்.

கரீபியன் தீவு நாடான பார்படோஸின் பரப்பளவு 430 சதுர கிலோமீட்டர். பினாங்குத் தீவு 300க்குச் சற்றுக் குறைவு. அதாவது நம் தீவைப் போல ஒன்றரை மடங்கு நிலம், அதில் ஏறக்குறைய 2 லட்சத்து 80 ஆயிரம் பேர். வருமானம் பெரும்பாலும் சுற்றுலா. 2018 மே மாதம் மியா மோட்லி பிரதமரானபோது நாட்டின் கடன், ஒரு வருட மொத்த உற்பத்தியில் 150 சதவீதத்தைத் தாண்டிக் கிடந்தது. அடுத்த மாதமே, வெளிநாட்டுக் கடனுக்குத் தவணை கட்டுவதை நிறுத்துகிறோம் என்று அறிவித்தார். அனைத்துலக நாணய நிதியத்திடம் போனார். கடன் கொடுத்தவர்களோடு நடந்த பேச்சு ஒன்றரை வருடம் இழுத்தது. 2019 டிசம்பரில்தான் வெளிநாட்டுப் பத்திரங்கள் புதிதாக எழுதப்பட்டன.

வட்டி எவ்வளவு, எத்தனை வருடம் என்பதெல்லாம் எங்கும் நடக்கும் பேரம்தான். பார்படோஸ் கூடவே ஒன்றைக் கேட்டது. பெரும் புயலோ, நிலநடுக்கமோ, பெருமழையோ நாட்டைத் தாக்கினால் அசல், வட்டி இரண்டையும் இரண்டு வருடம் வரை கட்டாமல் தள்ளிவைக்க உரிமை வேண்டும் என்றது. கடன் கொடுத்தவன் இதைக் கேட்டதும் முதலில் என்ன நினைப்பான்? “நாலு தூறல் போட்டதும் புயல் என்று சொல்லித் தவணையை நிறுத்திவிடுவார்களே” என்றுதான். அதற்கும் பதில் வைத்திருந்தார்கள். அடித்தது புயலா தூறலா என்று முடிவு செய்வது பார்படோஸ் அரசாங்கம் இல்லை. கரீபியன் நாடுகள் சேர்ந்து 2007ல் தொடங்கிய பேரிடர்க் காப்புறுதி அமைப்பு ஒன்று இருக்கிறது. காற்றின் வேகம், மழையின் அளவு, நில அதிர்வு இவற்றை வைத்துக் கணக்குப் போட்டு உறுப்பு நாடுகளுக்கு இழப்பீடு தரும் அமைப்பு அது. அந்த அமைப்பின் அளவுகோலைக் கடன் பத்திரத்தோடு கட்டிவிட்டார்கள். அரசியல்வாதியின் வாயை நம்ப வேண்டியதில்லை, கருவியின் அளவை நம்பினால் போதும்.

இதைத் தள்ளுபடி என்று மேடையில் சொல்லிவிடாதீர்கள், எதிரணி பிடித்துக்கொள்ளும். தள்ளிவைத்த தொகை கடனோடு சேர்ந்துவிடும், பிறகு கட்டித்தான் ஆக வேண்டும். கிடைப்பது நேரம் மட்டும். ஆனால் புயலுக்குப் பிறகு அந்த நேரத்தின் மதிப்பே வேறு. விமான நிலையம் மூடிக்கிடக்கும், ஹோட்டல் அறைகள் காலி, வரி வருமானம் நின்றுபோகும், மருத்துவமனைக் கூரையைப் போட இன்றைக்கே பணம் வேண்டும். அந்த வாரத்திலா லண்டனுக்கும் நியூயார்க்குக்கும் வட்டி அனுப்புவது? 2004ல் ஐவன் புயல் இன்னொரு கரீபியன் தீவு நாடான கிரனடாவைப் புரட்டிப் போட்டபோது ஏற்பட்ட சேதம், அந்த நாட்டின் ஒரு வருட உற்பத்தியைப் போல இரண்டு மடங்கு. இருக்கும் பணத்தை வைத்து இதை எப்படிச் சமாளிப்பது? மறுபடி கடன்தான், அதுவும் யாரும் குறைந்த வட்டிக்குத் தர விரும்பாத நேரத்தில்.

கிரனடாவைப் பற்றிச் சொல்லும்போது ஒன்றை நேர்மையாகச் சொல்லிவிட வேண்டும். இந்த மாதிரி நிபந்தனையைக் கடன் பத்திரத்தில் முதலில் எழுதியது பார்படோஸ் இல்லை, கிரனடாதான், 2015ல். அதைவிடச் சின்ன நாடு. 2024 ஜூலை 1ஆம் தேதி பெரில் புயல் கிரனடாவைச் சேர்ந்த கரியாக்கு தீவைத் தரைமட்டமாக்கியது. அடுத்த மாதமே கிரனடா அந்த நிபந்தனையைக் கையில் எடுத்து, வரவிருந்த தவணைகளைத் தள்ளிவைத்தது. உலகத்தில் ஒரு நாடு தன் பத்திரத்தில் அப்படி ஒரு நிபந்தனையைப் பயன்படுத்தியது அதுதான் முதல் முறை. யாரிடமும் கெஞ்சவில்லை. வாஷிங்டனுக்கு விமானம் ஏறவில்லை. ஒன்பது வருடத்துக்கு முன் எழுதிய ஒரு பத்தி அந்த வேலையைப் பார்த்தது. என்னைக் கேட்டால், சீர்திருத்தம் பற்றிய நூறு தீர்மானங்களைவிட அந்த ஒரு மாதம் உங்கள் அணிக்கு அதிகம் உதவும்.

அப்படியானால் பார்படோஸ் செய்தது என்ன? தன் பத்திரத்தில் எழுதிக்கொண்ட ஒன்றை எடுத்துக்கொண்டு ஊர் ஊராகப் போனது. 2022ல் தலைநகர் பிரிட்ஜ்டவுனில் பொருளாதார அறிஞர்களையும் அதிகாரிகளையும் கூட்டி ஒரு திட்டம் போட்டார்கள். அதன் பெயரே பிரிட்ஜ்டவுன் முன்னெடுப்பு. மோட்லியின் ஆலோசகர் அவினாஷ் பெர்சாட் அதன் மூளை. கடன் ஒப்பந்தங்களில் பேரிடர் நிபந்தனை வேண்டும், வளர்ச்சி வங்கிகள் இன்னும் ஒரு டிரில்லியன் டாலர் கடன் தர வேண்டும், நாணய நிதியம் உறுப்பு நாடுகளுக்குப் பங்குப்படி ஒதுக்கித் தரும் கையிருப்பில் பணக்கார நாடுகள் பயன்படுத்தாமல் வைத்திருக்கும் ஒதுக்கீட்டிலிருந்து 100 பில்லியன் டாலரையாவது ஏழை நாடுகள் பக்கம் திருப்ப வேண்டும் என்று அதில் பட்டியல் நீளும். அதே வருடம் நவம்பரில் எகிப்தில் நடந்த பருவநிலை மாநாட்டில், தன் ஏற்றுமதிக் கடன்களில் இந்த நிபந்தனையைச் சேர்க்கத் தயார் என்று பிரிட்டன் சொன்னது. 2023 ஜூனில் பாரிஸில் பிரெஞ்சு அதிபர் மக்ரோன் கூட்டிய உச்சநிலைக் கூட்டத்தில், பதவிக்கு வந்து ஒரு மாதம்கூட ஆகாத உலக வங்கித் தலைவர் அஜய் பங்கா, வங்கியும் இதைச் செய்யும் என்று அறிவித்தார். முதலில் புதிய கடன்களுக்கு மட்டும், பிறகு தகுதியுள்ள சிறிய நாடுகளின் பழைய கடன்களுக்கும்.

இனி கிடைக்காததைப் பார்ப்போம், ஏனென்றால் எதிரணி அதைத்தான் எடுத்துப் பேசும். நாணய நிதியத்தில் வாக்கு என்பது தலைக்கு ஒன்று இல்லை, பங்குக்குத் தகுந்தபடி. முக்கியமான முடிவுக்கு 85 சதவீத வாக்கு வேண்டும். அமெரிக்காவிடம் மட்டும் 16 சதவீதத்துக்கு மேல் இருக்கிறது, அதாவது அப்படிப்பட்ட முடிவு எதையும் தனியாக நின்றே தடுத்துவிடலாம். 2023 டிசம்பரில் எல்லா நாடுகளின் பங்கையும் 50 சதவீதம் கூட்ட முடிவெடுத்தார்கள். எல்லாருக்கும் ஒரே விகிதத்தில் கூட்டுவதால் யார் கை ஓங்கியிருக்கிறது என்பதில் ஒரு மாற்றமும் இல்லை. 2021ல் கொரோனா சமயத்தில் 650 பில்லியன் டாலர் மதிப்புள்ள ஒதுக்கீட்டை நிதியம் வெளியிட்டபோதும் அதே விகிதம்தான். ஆப்பிரிக்கக் கண்டம் முழுவதற்கும் கிடைத்தது சுமார் 33 பில்லியன். பார்படோஸ் மாற்றியது ஒப்பந்தத்தின் வாசகத்தை, அதிகாரத்தின் அமைப்பை இல்லை. இந்த வித்தியாசத்தை நீங்களே முதலில் ஒப்புக்கொண்டு பேசினால் எதிரணிக்குப் பாதி வேலை போய்விடும்.

சரி, இந்த முறையை எதற்கு மாற்ற வேண்டும் என்ற அடிப்படைக் கேள்விக்கு வருவோம். இதற்கு நீங்கள் கரீபியன் வரை போக வேண்டியதே இல்லை. கிளந்தானுக்குப் போனால் போதும்.

பெர்காவ் அணை. 600 மெகாவாட் நீர்மின் திட்டம். 1988ல் பிரிட்டனும் மலேசியாவும் ஒரு பில்லியன் பவுண்டுக்கு மேலான ஆயுத வாங்கலுக்கு உடன்பாடு செய்துகொண்டன. அந்தப் பேச்சின் ஒரு கட்டத்தில், வாங்கும் ஆயுத மதிப்பில் 20 சதவீத அளவுக்கு உதவி நிதி தரப்படும் என்று பிரிட்டிஷ் தற்காப்பு அமைச்சர் எழுத்திலேயே கையெழுத்துப் போட்டுவிட்டார். பிறகு அதைத் திரும்பப் பெற்றுக்கொண்டதாகச் சொன்னார்கள். ஆனால் 1989ல் அணைக்கு உதவி தருவதாகப் பிரிட்டிஷ் பிரதமர் தாட்சர் அம்மையார் வாக்குக் கொடுத்தார். கொடுத்த சில வாரத்துக்குள் குத்தகை நிறுவனங்கள் சொன்ன விலை 316 மில்லியன் பவுண்டிலிருந்து 397 மில்லியனுக்கு ஏறியது. இந்த அணை பொருளாதார ரீதியில் தேறாது, இயற்கை எரிவாயுவில் மின்சாரம் எடுப்பது மலிவு என்று பிரிட்டனின் சொந்த உதவித் துறை நிபுணர்களே கணக்குப் போட்டுச் சொன்னார்கள். துறையின் தலைமை அதிகாரி டிம் லங்கெஸ்டர், “என் பொறுப்பில் இதற்குப் பணம் தர முடியாது, அமைச்சர் எழுத்து மூலம் உத்தரவிட்டால் தருகிறேன்” என்ற நிலையை எடுத்தார். அந்த நாட்டு நிர்வாகத்தில் அது அபூர்வம். உத்தரவு வந்தது, பணமும் போனது.

இதில் மேடைக்கு வேண்டிய பகுதி இனிமேல்தான். லண்டனில் ஒரு சின்னத் தன்னார்வ இயக்கம் அரசாங்கத்தின் மேல் வழக்குப் போட்டது. சட்டத்தில் இருந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டார்கள். உதவிப் பணத்தை, அதைப் பெறும் நாட்டின் மேம்பாட்டுக்காகத்தான் செலவழிக்கலாம் என்று 1980ஆம் வருடச் சட்டம் சொன்னது. பொருளாதார ரீதியில் தேறாத அணை எப்படி மேம்பாடு ஆகும் என்று கேட்டார்கள். 1994 நவம்பரில் உயர்நீதிமன்றம் அவர்கள் பக்கம் தீர்ப்புச் சொன்னது. 234 மில்லியன் பவுண்டு உதவி சட்டவிரோதமானது. அணைக்கான பணம் நிற்கவில்லை, ஆனால் அதற்குப் பிறகு அதை உதவிக் கணக்கில் எழுத முடியவில்லை. 2001ல் பிரிட்டன் தன் உதவியைத் தன் நாட்டு நிறுவனங்களிடம் வாங்கும் நிபந்தனையிலிருந்து விடுவித்தது. 2002ல் வந்த புதிய சட்டம், உதவியின் நோக்கம் வறுமை ஒழிப்பு என்று எழுதியது. இந்தப் பக்கம் நம் அரசாங்கம் என்ன செய்தது? 1994 பிப்ரவரியில், பிரிட்டிஷ் பத்திரிகைகள் எழுதியவற்றால் கோபப்பட்டு, பிரிட்டிஷ் நிறுவனங்களுக்கு அரசாங்கக் குத்தகை கிடையாது என்று அறிவித்து, செப்டம்பரில் அதை விலக்கிக்கொண்டது. நம் வீட்டு வயதானவர்களைக் கேட்டுப் பாருங்கள், அந்தச் சண்டை நினைவிருக்கும். அதற்குக் காரணமான நிபந்தனை யாருக்கும் நினைவிருக்காது.

ஆக, உதவி என்ற பெயரில் வருவது சில நேரம் கொடுக்கிற நாட்டின் தொழிற்சாலைக்குப் போகிற ஆர்டர். அதை வெளியே கொண்டுவந்தது பெரிய நாடுகளின் உச்சநிலைக் கூட்டம் எதுவும் இல்லை.

அடுத்தது தகுதி. யாருக்குச் சலுகைக் கடன், யாருக்கு இல்லை என்று முடிவு செய்யப் பெரும்பாலும் தலைக்கு எவ்வளவு வருமானம் என்ற ஒரே எண்ணைத்தான் பார்க்கிறார்கள். அந்தக் கோட்டைத் தாண்டியதால் பார்படோஸ் 2011லும், இன்னொரு கரீபியன் தீவு நாடான அன்டிகுவா 2022லும் உதவி பெறும் நாடுகளின் பட்டியலிலிருந்து வெளியே வந்தன. நம் ஊரில் ரஹ்மா உதவித்தொகைக்கு விண்ணப்பிக்கும்போது குடும்ப வருமானம் 5,000 ரிங்கிட்டுக்கு மேல் போனால் கதவு மூடிவிடும் இல்லையா? வீட்டில் டயாலிசிஸ் செய்யும் அப்பா இருக்கிறாரா, வருடா வருடம் வெள்ளம் புகும் வீடா என்று அந்தக் கோடு கேட்காது. தீவு நாடுகளுக்கும் அதே கதை. ஒரு புயலில் எல்லாவற்றையும் இழக்கக்கூடிய நாடு, புயல் அடிக்காத வருடத்தின் கணக்குப்படி பணக்கார நாடு.

இதற்காகத் தீவு நாடுகள் முப்பது வருடத்துக்கு மேல் குரல் கொடுத்துவந்தன. கடைசியில் அன்டிகுவா பிரதமர் காஸ்டன் பிரௌனும் நார்வேயின் முன்னாள் பிரதமர் எர்னா சோல்பெர்க்கும் தலைமை தாங்கிய குழு ஒரு புதிய குறியீட்டை உருவாக்கியது. ஒரு நாடு அதிர்ச்சிகளுக்கு எவ்வளவு ஆளாகும், அவற்றைத் தாங்க எவ்வளவு தெம்பு இருக்கிறது என்று பல கோணங்களில் அளக்கும் குறியீடு. 2024 ஆகஸ்டில் ஐநா பொதுப்பேரவை அதை ஏற்றது. ஏற்றதோடு சரி. கடன் தருகிறவர்கள் அதைப் பயன்படுத்தியே ஆக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. நான் சொன்ன சோதனையை இங்கே வைத்தால், இது இன்னும் உரை நிலையில்தான் இருக்கிறது, ஒப்பந்தத்துக்குள் முழுதாகப் போகவில்லை.

காகித வேலை பற்றியும் கொஞ்சம். கோலாலம்பூரில் நடந்த ஒரு பயிற்சியில் பசிபிக் தீவு நாடொன்றின் நிதி அமைச்சிலிருந்து ஓர் அம்மா வந்திருந்தார். தேநீர் இடைவேளையில் மடிக்கணினியைத் திறந்து காட்டினார். ஒரே பள்ளிக்கூடத்தின் கழிவறைகள். ஒரு நாட்டுக்கு அனுப்பும் அறிக்கையில் எத்தனை அறை கட்டினீர்கள் என்று கேட்கிறார்கள். இன்னொரு நாடு எத்தனை மாணவிகள் பயனடைந்தார்கள் என்று கேட்கிறது. மூன்றாவது நாட்டுக்கு அறையும் வேண்டாம் மாணவியும் வேண்டாம், எவ்வளவு செலவானது என்பதை அவர்கள் நிதியாண்டுப்படி கொடுக்க வேண்டும். ஒருவருக்கு ஏப்ரலில் வருடம் பிறக்கிறது, ஒருவருக்கு ஜூலையில், இன்னொருவருக்கு அக்டோபரில். மூன்றுக்கும் மூன்று எக்செல் கோப்பு, கலர் கலராகக் கட்டங்கள். அந்த வேலைக்கு அமைச்சில் இருந்தது அவர் ஒருவர்தான். “கழிவறையைச் சுத்தம் செய்ய ஆள் போட நிதி இல்லை, கழிவறையைப் பற்றி எழுத மட்டும் நான் இருக்கிறேன்” என்று சிரித்தார். பகல் சாப்பாட்டுக்கு அவர் வரவில்லை, அன்று ஓர் அறிக்கைக்குக் கடைசி நாள்.

இதைச் சரிசெய்வதாக 2005ல் பாரிஸில் நூற்றுக்கு மேற்பட்ட நாடுகளும் அமைப்புகளும் ஒப்புக்கொண்டன. பெறுகிற நாட்டின் கணக்கு முறையையே பயன்படுத்துவோம், அறிக்கைகளை ஒன்றாக்குவோம் என்றார்கள். அப்புறம் அக்ரா, பூசான் என்று மாநாடுகள் நடந்தன. நடந்தது கொஞ்சம்தான். ஐநாவுக்குள் 2018ல் ஒரு சீர்திருத்தம் வந்தது. ஒவ்வொரு நாட்டிலும் சிதறிக் கிடக்கும் ஐநா நிறுவனங்களை ஒருங்கிணைக்கத் தனி அதிகாரி, அவருக்கு எந்த நிறுவனத்தையும் சாராத சுதந்திரம். சின்ன நாடுகள் இதை ஆதரித்ததன் காரணம் மேலே சொன்ன எக்செல் கோப்புகள்தான். பெரிய நாட்டுக்குப் பத்து நிறுவனங்கள் வந்தால் பத்து அதிகாரிகளை நிறுத்தலாம். சின்ன நாட்டில் பத்துக்கும் ஒரே அம்மா.

மற்ற சின்ன நாடுகளை வேகமாகப் பார்த்துவிடலாம். நமக்கு நெருக்கமானது சிங்கப்பூர். ஐநாவில் சிறு நாடுகள் மன்றத்தை 1992ல் தொடங்கிவைத்தது அவர்கள்தான். இன்று 108 நாடுகள் அதில் இருக்கின்றன. ஐநாவின் 193 உறுப்பினர்களில் இது பாதிக்கு மேல். பொதுப்பேரவையில் ஒரு நாட்டுக்கு ஒரு வாக்கு என்பதால் அங்கே இந்தக் கூட்டத்துக்கு எடை உண்டு, நாணய நிதியத்தில் இல்லை. நேப்பாளம் சுவாரசியமான கதை. 2025 ஜூன் கடைசியில் ஸ்பெயினின் செவில்லாவில் மேம்பாட்டு நிதி பற்றிய நான்காவது உலக மாநாடு நடந்தது. அதன் முடிவு ஆவணத்தைப் பேசி உருவாக்கும் பொறுப்பு மெக்சிகோ, நேப்பாளம், நார்வே, ஜாம்பியா ஆகிய நான்கு நாடுகளிடம் இருந்தது. கோலாலம்பூரில் நம் அடுக்குமாடி வாசலில் ஜாகாவாக, அதாவது காவலாளியாக நிற்கும் அண்ணன்மாரின் நாடு, உலகக் கடன் விதிகளின் வாசகத்தை எழுதும் மேசையில் உட்கார்ந்திருந்தது. வெளிநாட்டில் வேலை செய்கிறவர்கள் அனுப்பும் பணம் நேப்பாளத்தின் மொத்த உற்பத்தியில் கால் பங்குக்கு மேல். உதவியைவிட அதுதான் அந்த நாட்டைத் தாங்குகிறது. அமெரிக்கா அந்த மாநாட்டிலிருந்து விலகிக்கொண்டது. மற்றவர்கள் ஒருமனதாக ஆவணத்தை நிறைவேற்றினார்கள். கடன் வாங்கும் நாடுகள் தங்களுக்குள் கலந்து பேச ஒரு மேடை அமைக்க வேண்டும் என்பது அதில் உண்டு. மாநாட்டை ஒட்டி, தவணையைத் தள்ளிவைக்கும் நிபந்தனையைப் பரப்புவதற்காக ஸ்பெயின் முன்னின்று ஒரு கூட்டணியும் தொடங்கியது. பிரிட்ஜ்டவுனில் கேட்டது அங்கேயும் போய்ச் சேர்ந்தது.

கொடுக்கிற பக்கத்தில் லக்சம்பர்க்கைச் சொல்வார்கள். ஏழு லட்சத்துக்கும் குறைவான மக்கள். தேசிய வருமானத்தில் 0.7 சதவீதத்தை உதவிக்குத் தர வேண்டும் என்று ஐநா 1970ல் வைத்த இலக்கை 2024ல் எட்டியவை நார்வே, லக்சம்பர்க், சுவீடன், டென்மார்க் என்ற நான்கே நாடுகள். லக்சம்பர்க் தருவது 1 சதவீதம். இன்னொன்றும் உண்டு. தங்கள் நாட்டுக்குள் வரும் அகதிகளுக்குச் செய்யும் செலவையும் பல பணக்கார நாடுகள் மேம்பாட்டு உதவி என்று கணக்குக் காட்டுகின்றன. 2024ல் அது மட்டும் 27.8 பில்லியன் டாலர், மொத்த உதவியில் 13 சதவீதம். பணம் ஊரைவிட்டு வெளியே போகவே இல்லை, கணக்கில் மட்டும் ஆப்பிரிக்காவுக்கும் ஆசியாவுக்கும் போய்விட்டது. லக்சம்பர்க் அப்படிக் கணக்குக் காட்டுவதில்லை. நல்ல விஷயம். ஆனால் 2014ல் வெளிவந்த ஆவணங்கள் என்ன காட்டின? பன்னாட்டு நிறுவனங்கள் வரியைச் சுருக்கிக்கொள்ள அந்த நாடு எப்படி வசதி செய்து தந்தது என்பதை. உலக வரி விதிகளை ஐநாவிலேயே எழுத வேண்டும் என்று 2023 நவம்பரில் ஆப்பிரிக்க நாடுகள் தீர்மானம் கொண்டுவந்தபோது, ஐரோப்பிய ஒன்றிய நாடுகளோடு சேர்ந்து லக்சம்பர்க்கும் எதிர்த்து வாக்களித்தது. தீர்மானம் 125க்கு 48 என்று நிறைவேறியது. ஒரு கையால் 1 சதவீதம் தந்துவிட்டு, ஏழை நாட்டுக்கு வர வேண்டிய வரியை மறு கை பிடித்து வைத்திருந்தால் அந்தக் கணக்கை எப்படிப் போடுவது? சின்ன நாடு என்றால் நல்ல நாடு என்று பேசிவிடாதீர்கள். பார்படோஸும் வெளிநாட்டு நிறுவனங்களுக்குக் குறைந்த வரி என்று கூவி அழைத்த நாடுதான்.

இப்போது இதெல்லாம் அவசரமாகிவிட்டதற்குக் காரணம், பானையே சின்னதாகிக்கொண்டு வருகிறது. பணக்கார நாடுகளின் மேம்பாட்டு உதவி 2024ல் 7.1 சதவீதம் குறைந்து சுமார் 212 பில்லியன் டாலரானது. 2025 ஜூலை 1ஆம் தேதியோடு அமெரிக்காவின் வெளிநாட்டு உதவி நிறுவனமான யூஎஸ்எய்ட் கதவைச் சாத்தியது. பிரிட்டன் 0.5 சதவீதத்திலிருந்து 2027க்குள் 0.3க்கு இறங்கப்போவதாக அறிவித்திருக்கிறது. பணம் குறையும் காலத்தில், வருகிற பணத்தின் நிபந்தனைகள்தான் பேச வேண்டிய விஷயம். “இன்னும் கொடுங்கள்” என்று மட்டும் கேட்கிற சீர்திருத்தத்துக்கு இந்த வருடங்களில் யாரும் காது கொடுக்க மாட்டார்கள்.

நமக்கு எதற்கு என்று கேட்டீர்கள். மலேசியா வாங்கியும் இருக்கிறது, கொடுத்தும் இருக்கிறது. உலக வங்கியிடம் நாம் முதலில் கடன் வாங்கியது 1958ல், கேமரன் மலை நீர்மின் திட்டத்துக்கு. கெடாவில் வருடத்துக்கு இரண்டு போகம் நெல் விளைய வழிசெய்த மூடா பாசனத் திட்டத்துக்கும் அவர்கள் பணம் வந்தது. பெர்காவ் மாதிரி இல்லாமல் அது உருப்படியான காரியம். உதவியே ஏமாற்று என்று பேசுகிறவர்களுக்கு மூடாவைக் காட்டுங்கள். 1998ல் நாணய நிதியத்தின் வழியை வேண்டாம் என்று சொல்லி, டாலருக்கு 3.80 ரிங்கிட் என்று கட்டிப் போட்டதும் இதே நாடுதான். 1980லிருந்து மலேசியத் தொழில்நுட்ப ஒத்துழைப்புத் திட்டம் என்ற பெயரில் 140க்கு மேற்பட்ட நாடுகளின் அதிகாரிகளுக்கு நாம் பயிற்சி தருகிறோம். கெலுகோரில் 1967லிருந்து இருக்கும் ரெக்சாம் மையத்துக்குத் தென்கிழக்காசியா முழுவதிலிருந்தும் அறிவியல், கணித ஆசிரியர்கள் வந்து போகிறார்கள். உங்கள் ஊரிலிருந்து பாலத்தைத் தாண்டினால் கெலுகோர்தான்.

இன்னொரு முகவரியும் பினாங்கில் இருக்கிறது. எஸ்.எம். முகமது இத்ரிஸ் பல பத்தாண்டுகள் தலைமை தாங்கிய பினாங்கு பயனீட்டாளர் சங்கத்தின் மடியில்தான் 1984ல் மூன்றாம் உலக வலையமைப்பு பிறந்தது. அதை வளர்த்த மார்ட்டின் கோர், பினாங்குக்காரர், பின்னாளில் ஜெனீவாவில் வளரும் நாடுகளின் ஆய்வு மையமான சவுத் சென்டரின் செயல் இயக்குநராக இருந்தார். உலக வர்த்தகப் பேச்சுகளில், ஆள்பலம் இல்லாத நாடுகளின் பிரதிநிதிகளுக்கு ஒப்பந்த வாசகத்தில் எந்த வரி ஆபத்து என்று எடுத்துச் சொல்லும் வேலையை அந்த வலையமைப்பு மெக்காலிஸ்டர் சாலையிலிருந்து செய்துவந்தது. எழுபது பக்க ஆவணம் நள்ளிரவில் கைக்கு வந்து, காலையில் கருத்துச் சொல்ல வேண்டிய நிலையில் இரண்டே பேர் கொண்ட தூதுக்குழு என்ன செய்யும்? அவர்களுக்காக யாராவது உட்கார்ந்து படிக்க வேண்டும். சிறிய நாட்டின் ஆதரவு என்பதற்குப் பின்னால் இந்த மாதிரிப் படிப்பும் இருக்கிறது.

மேடையில் உங்களுக்குக் கிடைப்பது சில நிமிடம்தான். சிறிய நாடுகளால் அதிகாரப் பங்கீட்டை மாற்ற முடியவில்லை என்று நீங்களே முதலில் சொல்லிவிடுங்கள், 2023 டிசம்பர் முடிவை ஆதாரமாகக் காட்டுங்கள். அடுத்த மூச்சில், அவர்களால் நிபந்தனைகளை மாற்ற முடிந்தது என்று கிரனடா 2015, பார்படோஸ் 2019, உலக வங்கி 2023 என்ற வரிசையை வையுங்கள். “இதெல்லாம் எங்கோ கரீபியனில்” என்று எதிரணி இழுத்தால் பெர்காவுக்கு வாருங்கள். நேரம் போதவில்லை என்றால் லக்சம்பர்க்கையும் சிங்கப்பூரையும் வெட்டிவிடலாம். 2024ல் புயலுக்குப் பிறகு கிரனடா தவணையைத் தள்ளிவைத்ததை மட்டும் எதற்காகவும் விட்டுவிடாதீர்கள், தேதியோடு சொல்லுங்கள்.